நாற்பத்தொரு கால்கள் தூங்கிய வீடு

எங்கள் தெருவின் நடுவே ஒரு கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்குக் கிழக்கே புதுச்சேரி, மேற்கே தமிழ்நாடு. எங்கள் ஊரான சித்தணாங்குப்பத்துக் கோழி புதுச்சேரியில் முட்டையிட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் வந்து கொக்கரிக்கும். மழைகூட ஒரு பக்கம் பெய்து முடித்துவிட்டு, மறுபக்கம் பெய்ய உத்தரவு வரட்டும் என்று நடுத்தெருவில் நின்றதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோட்டின் மேல்தான் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தேன். மதுவிலக்குச் சோதனைச் சாவடி அதிகாரி. கிழக்கே மலிவாகக் கிடைக்கும் பிராந்தி மேற்கே வராமல் தடுப்பது என் வேலை. வரவைப்பது எதிர்வீட்டுக் கலிவரதனின் வேலை. தேங்காய்க்குள் கொண்டுவந்தான், பம்புசெட்டு மோட்டாருக்குள் கொண்டுவந்தான், ஒருமுறை கல்யாண ஊர்வலத்து நாதஸ்வரத்துக்குள்ளேயே கொண்டுவந்தான். வாசித்தவர் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்ததால்தான் பிடிபட்டான். நான் ஓய்வு பெற்ற மாதமே அவனும் தொழிலை விட்டான். "நீங்க இல்லாம இன்னா சார் சுவாரஸ்யம்" என்றான். இதைவிடப் பெரிய பிரிவு உபசாரம் எனக்கு யாரும் செய்யவில்லை.

2061 ஆடியில் கலிவரதனுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு யாரும் அழுவதில்லை. மென்கால் வந்துவிட்டிருந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை போடும் உறை. உள்ளே நூல் நூலாக என்னென்னவோ ஓடும். எந்தச் சதையை எப்போது இழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். போட்டுக்கொண்டு எழுந்தால் நடக்கலாம். உறையை ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். அதை நடக்கவைக்கும் மென்பொருளுக்குத்தான் மாதாமாதம் கட்டணம்.

முதல் மாதம் சோதனை ஓட்டம், காசில்லை. கலிவரதன் தெருவை அளந்தான். இரண்டாம் மாதத்துக்கு விலை வந்தது. இருபத்தேழாயிரம் ரூபாய்.

"யம்மாடி, ஒரு சைபர் கூட விழுந்துடுச்சா பாரு" என்றான், மென்கால் பழக்கிவிட வரும் பிசியோதெரபிஸ்ட் தமயந்தியிடம்.

"இல்லண்ணே. சரியான விலைதான்."

நான் குறுக்கே புகுந்தேன். "எங்க பின்னாடித் தெரு செல்லக்கிளி முந்நூறு ரூபாதானேம்மா கட்டுறா? அவ வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் கல்லெறிஞ்சா விழுற தூரம்."

"சார், விலை போடறது ஆள் இல்ல, மெஷின். ஒரு இடத்துல இருக்கறவங்களால எவ்வளவு குடுக்க முடியும்னு பாத்து அதுவே போடும். பணக்கார ஊருக்கு ஒரு விலை, இல்லாத ஊருக்கு ஒரு விலை. நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க. உலகம் பூரா ஒரே விலைன்னா செல்லக்கிளியக்கா நடந்திருக்கவே முடியாது."

"அப்ப நான் பணக்காரனா?" கலிவரதன் தன் கிழிந்த பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"நீங்க இல்லண்ணே. அவரு."

அவள் காட்டிய பக்கம் அந்துவான் சவரிநாதன் தன் வீட்டு வாசலில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், ஐரோப்பாவில் நடந்த அத்தனை சண்டையையும் ஒரு கரண்டியால் நிறுத்தியவர்.

"அவருக்கு யூரோவுல பென்ஷன் வருது. இந்த வரிசையில இன்னும் ரெண்டு வீட்டுக்கும் அப்படித்தான். மெஷின் கண்ணுக்கு இந்த வரிசையே பாரீஸ்."

"எனக்கும் முழங்கால் மாத்தி மென்கால் போட்டிருக்கு. பாரீஸ் விலையில எனக்கும்தான் வலிக்குது" என்று அங்கிருந்தே கத்தினார் அந்துவான்.

கலிவரதன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே யோசனை தோன்றியது.

"ஏம்மா தமயந்தி, ஒரு கால் எந்த ஊர்க்கால்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்க சார்ஜ் போடறீங்களோ அதான் அதுக்கு வீடு. எங்க தூங்குதோ அந்த ஊரு."

அன்று சாயங்காலமே கலிவரதனின் காலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். கோட்டைத் தாண்டும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் இந்த ஆனந்தத்தை அவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறேனே என்று வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

"எல்லாம் தலைகீழாப் போச்சு சார்" என்று கட்டிலில் கிடந்தபடி சிரித்தான் கலிவரதன். "அப்ப சரக்கு இங்கேர்ந்து அங்க. இப்ப காலு இங்கேர்ந்து அங்க, கடத்துறது நீங்க."

மூன்றாம் நாள் கலிவரதனின் விலை முந்நூறானது. நான்காம் நாள் அந்துவான் தன் காலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வாசலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு மாதத்தில் என் கூடத்தில் நாற்பத்தொரு கால்கள் தூங்கின. கொடியில் கால், ஊஞ்சலில் கால், அரிசிப்பானை மேல் கால். எல்லாம் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். என் மனைவி பூஜை அறை வாசலில் கோடு கிழித்து, "இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வந்தாலும் நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். காலையில் கால்களைப் பிரித்துக் கொடுக்க டோக்கன் போட்டோம். ஒருநாள் டோக்கன் மாறி, அந்துவான் வாழைத்தார் வியாபாரியின் காலைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது அவரை நேராகச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வரும்போது தோளில் ஒரு தார் இருந்தது.

சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே நாற்பத்தொரு கால் தூங்குகிற வீட்டைப் பற்றி மெஷின் என்ன நினைக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அது என் ஓட்டு வீட்டை, முட்டிவலிக்காரக் கோடீசுவரர்கள் வந்து தங்கும் ஆரோக்கிய விடுதி என்று முடிவு கட்டிவிட்டது. மறுமாதம் முதல் தேதி, தெருவுக்கு இரண்டு பக்கமும், பின்னாடித் தெருவும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே விலை. இருபத்தேழாயிரம்.

அன்று காலை செல்லக்கிளி என் வாசலுக்கு வந்தாள். சவுக்குத் தோப்பில் கட்டு ஏற்றுகிறவள். நான்கு வருஷத்துக்கு முன் மரம் விழுந்து இடுப்பு நொறுங்கி, மென்காலால் எழுந்து, மறுபடி அதே தோப்புக்கே வேலைக்குப் போனவள். அன்று மென்கால் இல்லை. ஒரு சவுக்குக் கழியை ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருந்தாள். பின்னாடித் தெருவிலிருந்து என் வீட்டுக்கு நூறடிகூட இருக்காது. அவள் புடவை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"உங்க வீட்டுல நாப்பத்தொரு காலு தூங்கிச்சாமே சார். நல்லாத் தூங்கிச்சா?"

"செல்லக்கிளி, இப்படி ஆகும்னு..."

"ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருக்கப்பட்டவங்க எல்லாம் ஏழை வேஷம் கட்டிக்கினு வரிசையில நின்னா, நெசமான ஏழைக்கு எங்க சார் எடம்? இன்னிக்கு விடிய தோப்புக்குப் போக முடியல. மேஸ்திரி வேற ஆள் வச்சிட்டான்."

நான் எத்தனையோ பேரை மடக்கிக் கேள்வி கேட்டவன். கேள்வி கேட்டவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கலிவரதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "யோவ் ஆபீசரு, தமயந்திக்குப் போனைப் போடுய்யா" என்று கத்தினான். அவன் என்னை 'யா' போட்டுப் பேசியதும் அன்றைக்குத்தான்.

தமயந்தி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். இனிமேல் கால் எங்கே தூங்குகிறது என்று மெஷின் பார்க்காதாம். எங்கே நடக்கிறது என்று பார்க்குமாம். வேறு ஊரில் கொண்டுபோய்த் தூங்கவைத்தும் பயனில்லை.

"கம்பெனிக்கு எழுதிப் போட்டா?"

"எழுதினேன். 'உங்க கருத்துக்கு நன்றி'ன்னு வந்துச்சு. அது எழுதறதும் மெஷின்தான் சார். அதுக்குப் புரியற பாஷை ஒண்ணே ஒண்ணுதான். வாங்கறாங்களா, வாங்கலையா. புது விலை போட்ட இடத்துல ஒருத்தரும் வாங்கலைன்னா, தினமும் காலைல ஆறு மணிக்குக் கொஞ்சம் இறக்கும். நூறுன்னா மறுநாள் அறுபது. எவனாவது ஒருத்தன் வாங்கிட்டா அதோட நிறுத்திடும். முதல் ஆள் என்ன விலைக்கு வாங்கறானோ அதான் ஒரு வருஷத்துக்கு எல்லாருக்கும்."

நான் கணக்குப் போட்டேன். "பத்தாம் நாள் முந்நூறுக்குக் கீழ வந்துடும். அதுவரைக்கும் யாரும் வாங்காம உட்கார்ந்துட்டாப் போதும்!"

தமயந்தி சிரிக்கவில்லை. கலிவரதனைப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு மூட்டு, எலும்பு. பத்து நாள் போடலைன்னா ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு மூளையிலண்ணே அடி. மென்கால் உங்க மூளைக்கு நடையக் கத்துக்குடுத்திட்டு இருந்துச்சு. இப்பதான் பாதி பாடம் முடிஞ்சுது. பத்து நாள் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல விட்டா அழிய ஆரம்பிச்சிடும்."

"அழிஞ்சா?"

"மறுபடி ஆனா ஆவன்னாலேர்ந்து. வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்."

கலிவரதன் விரல் விட்டு எண்ணினான். "பத்து நாள் கணக்கு அதுக்கும் சரி, இதுக்கும் சரி. உக்காந்துடலாம் சார்."

உட்கார்ந்தோம். உலகத்தில் எத்தனையோ வேலைநிறுத்தம் நடந்திருக்கும். ஒரு தெருவே நடைநிறுத்தம் செய்தது இங்கேதான். இரண்டு வரிசை வாசலிலும் நாற்காலி, முக்காலி, கவிழ்த்த உரல், கட்டில். மேஸ்திரி வேலைநிறுத்தம் செய்தால் கொத்தனார் யாருக்கும் தெரியாமல் வேலைக்குப் போய்விடலாம். இங்கே ஒருவர் எழுந்து போனால்கூடத் தெரிந்துவிடும், வாங்கிவிட்டார் என்று அர்த்தம். கால் இருந்த நாங்கள் கால் இல்லாதவர்களுக்குச் சோறு சுமந்தோம். நான் சோதனைச் சாவடியை மறுபடி திறந்தேன். திருட்டுத்தனமாக யாரும் பணம் கட்டிவிடாமல் இருக்க, தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் போன்களை எல்லாம் வாங்கி என் வீட்டு நெற்குதிருக்குள் போட்டுவிடுவேன். அன்றைய விலையைப் பார்த்த பிறகு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

இருபத்தேழாயிரம் பதினாறாயிரம் ஆனது. மூன்றாம் நாள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அந்துவான் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"வேதாசலம், ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும். இந்த விலை எனக்குக் கட்டுப்படி ஆகும்" என்றார்.

"மொசியே, அசைஞ்சா பார்த்துக்கங்க" என்று எதிரிலிருந்து செல்லக்கிளி, பிரெஞ்சு மரியாதையோடே, கழியைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் பெரிய பெரிய சண்டையெல்லாம் பார்த்தவன் தெரியுமா?"

"தெரியும். அடுப்புக்குப் பின்னாடி நின்னு."

தெரு சிரித்தது. ஞாயிறன்று பங்குத்தந்தையே தெருவுக்கு வந்து பூசை வைத்தார். பாதிப் பூசை புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் நடந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டும்.

ஆறாம் நாள் இரண்டாயிரத்து நூறு. எனக்குப் பயம் அங்கேதான். கலிவரதனின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டாயிரம் அவளால் முடியும். ஏழாம் நாள் விலை ஆயிரத்து இருநூற்று அறுபது. பகலில் கலிவரதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போனில் கிசுகிசுப்பதைப் பார்த்தேன். ஆயுள் முழுக்கக் கோட்டைத் தாண்டியவன், இப்போது மட்டும் நிற்பானா? பின்னாலேயே பூனைபோலப் போய்ப் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

"அப்பா, பிடிவாதம் பிடிக்காதப்பா. நான் இப்பவே கட்டிடறேன்" என்று மகள் அழுதுகொண்டிருந்தாள்.

கலிவரதன் என் கையிலிருந்த போனைப் பார்த்தே கத்தினான். "கட்டின, உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

"கட்டலைன்னாலும் எப்படிப்பா மிதிப்ப?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அன்று முழுக்க, செயலிழந்த அவன் கால் பெருவிரலை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தமயந்தி சொல்லிக்கொடுத்தபடி அவன் அதை அசைக்க முயன்றுகொண்டிருந்தான். எட்டாம் நாள் அசைந்தது. ஒன்பதாம் நாளும் அசைந்தது, கொஞ்சம் தாமதமாக.

பத்தாம் நாள் காலை ஆறு மணி. இருநூற்று எழுபத்திரண்டு ரூபாய்.

தெருவில் எழுந்த சத்தத்தில் தூரத்து வில்லியனூர்க் கோவில் கோபுரத்துப் புறாக்கள் பறந்திருக்கும். முதல் ஆளாக வாங்க வேண்டியவள் செல்லக்கிளி என்று முன்பே பேசியிருந்தோம். அவள் போனைக் குதிரிலிருந்து எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் விலையைப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தான் மேல் நின்றது.

அழுத்தவில்லை.

"இன்னா யோசனை? அமுக்கு!" என்றார் அந்துவான்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமா?"

"ஏய்!" என்று அதட்டினார் அந்துவான்.

"எங்க தெருக்கோடியில பச்சையம்மா இருக்கா. பதினஞ்சு வயசுல லாரி ஏறிப்போச்சு. பத்தொம்பது வருஷமா சக்கரம் வச்ச உருட்டுப் பலகைதான். புளி கொட்டை எடுக்கறா. ஆஸ்பத்திரியில குடுத்த உறை பிரிக்காம பரண்மேல கெடக்கு. முந்நூறு ரூபா அவளுக்கு என்னிக்கும் முடிஞ்சதில்ல. நூறுன்னா முடியும்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "முந்நூறு எனக்கு நல்ல விலைதான். அன்னிக்கு உங்க வாசல்ல வந்து அந்தக் கத்து கத்தினேன். அவளைப் பத்தி நான் ஒரு நாளும் நெனச்சதில்ல சார்."

பச்சையம்மாவை எங்களில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தினமும் பார்ப்பவர்கள்தான். மென்கால் பேச்சில் மட்டும் அவள் பெயர் ஒருவருக்கும் வரவில்லை. வாங்காதவர்களை மெஷின் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்களும் சேர்த்ததில்லை.

எல்லோரும் கலிவரதனைப் பார்த்தார்கள். பத்து நாள் கெடு அவனுடைய காலுக்கு.

அவன் தன் காலைப் பார்த்தான். பெருவிரலை அசைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அசைந்தது.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க" என்று எரிந்து விழுந்தான். "வாங்கவேணாம்னா வாங்காதீங்க. எனக்கு ஒரு டீ சொல்லுங்க மொதல்ல."

செல்லக்கிளி போனைக் குதிருக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பதினொன்றாம் நாள் நூற்று அறுபத்து மூன்று. பெருவிரல் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை தொண்ணூற்று எட்டு ரூபாய். நானும் தமயந்தியும் பச்சையம்மாவைப் பலகையோடு தூக்கி வந்து நடுத்தெருவில் வைத்தோம். செல்லக்கிளி கழியை ஊன்றிக் கூடவே வந்தாள். புளியேறிக் கறுத்த விரலால் அவள் பொத்தானை அழுத்தினாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் மிகைப்படுத்தவே தேவையில்லை. விலை தொண்ணூற்றெட்டு என்ற செய்தி போன வேகத்தில், எந்தெந்தச் சந்திலிருந்தோ ஆட்கள் வந்தார்கள். தோளில் தூக்கி வந்தார்கள், தள்ளுவண்டியில் வந்தார்கள், தவழ்ந்து வந்தார்கள். புதிதாக அறுபத்தேழு பேர். பிரிக்காத உறைகள் இத்தனை பரண்களில் கிடந்தன. கம்பெனிக்கு எங்கள் இடத்திலிருந்து முன்னெப்போதும் இவ்வளவு ஆட்கள் வந்ததில்லை. சாயங்காலம் எல்லோருடைய போனுக்கும் மெஷினிடமிருந்து செய்தி வந்தது: 'உங்கள் பகுதியில் புதிய பயனாளர்களைக் கண்டுபிடித்ததில் மகிழ்கிறோம். இந்த முறையைப் பிற பகுதிகளிலும் தொடர உள்ளோம்.'

"கண்டுபிடிச்சது அதுவாமா?" கலிவரதன் போனைக் கட்டிலில் விட்டெறிந்தான். "நான் பார்த்த கடத்தல்காரன்லயே இதான் சார் பெரிய கை."

அவன் கால் மறந்துவிட்டிருந்தது. மென்கால் போட்டு எழுப்பியபோது சுருண்டு விழுந்தான். தமயந்தி ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தாள். கடைசியில் பெருவிரலில் ஊசிமுனையளவு ஒரு துடிப்பு. "இருக்கு" என்றாள். "ஆனா ஆவன்னாலேர்ந்து. ஆறு மாசமாவது ஆகும்."

தெருவில் ஆனா ஆவன்னா படிக்க இன்னொரு மாணவி இருந்தாள். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் என் இடது தோளைக் கலிவரதனும் வலது தோளைப் பச்சையம்மாவும் பிடித்துக்கொள்ள, மூவரும் தெருவில் இறங்கினோம். பச்சையம்மாவுக்கு மூளையில் கோளாறில்லை. பாடம் தொடங்கிய பதினேழாம் நாளே என் தோளை விட்டுவிட்டாள். கலிவரதனுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"ஏம்மா, இன்னா அவசரம்? கூட வர்றவனைப் பார்த்து நடக்கறதில்ல?"

"பத்தொம்பது வருஷம் லேட்டுண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நாங்கள் தெருக்கோடி டீக்கடைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது. பச்சையம்மா பெஞ்சில் உட்காரவில்லை. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. நான்கைந்து ஆட்களுக்கு நடுவே, அவர்கள் உயரத்துக்கு நின்றுகொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கிளாஸ் மூடி வைத்திருந்தது.

கலிவரதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"உனக்குத்தாண்ணே சொன்னேன். ஆறிப்போச்சு" என்றாள் பச்சையம்மா. "வேற போடச் சொல்லட்டா?"

"வேணாம், குடு" என்று கம்பத்திலிருந்து ஒரு கையை எடுத்தான் கலிவரதன். பிறகு இன்னொரு கையையும்.